சுங்கை கெலாடியின் இடது கை

ஈப்போ ஸ்டேஷன், தந்தி அறை
7-9-1925

தம்பி மாயாண்டிக்கு ஐயாவு எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அண்ணி முத்தம்மாவும் சுகம். உன் சுகத்தை நான் விசாரிக்கப்போவதில்லை. நீ சுகமாயில்லை என்று எனக்குத் தெரியும்! யாரும் வந்து சொல்லவில்லை. பத்து நாளாக நீயேதான் தந்தியில் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

ஆறு வருஷமாக நாம் இருவரும் ஒரே கம்பியின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருக்கிறோம். நீ கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா, ஒன்றும் நான் அறியேன். ஆனால் நீ தந்திக் கட்டையைத் தட்டும் நடை எனக்குத் தெரியும். இந்த லைனில் இருபது பேர் தட்டுகிறார்கள். தூக்கத்தில் கேட்டாலும் "இது மாயாண்டி" என்று சொல்லிவிடுவேன். புள்ளியைச் சுருக்கென்று வைப்பாய். கோட்டை மட்டும் ஆசையாக ஒரு இழை கூட இழுப்பாய்.

அந்தக் கோடு இப்போது நொண்டுகிறது. காலை எட்டு மணிக்கு உன் முதல் தந்தி தடுமாறிக்கொண்டு வருகிறது. ஒன்பதுக்குச் சரியாகிறது. பதினொன்றுக்கு மேல் மறுபடி நொண்டல். மூன்று மணிக்கு நீ ஒரு சொல்லை முடிப்பதற்குள் எனக்கு இங்கே மணிக்கட்டு வலிக்கிறது! மூன்று வருஷத்துக்கு முன் எனக்கும் இப்படித்தான் வந்தது, அதனால் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்த சந்தோஷத்தில் உனக்கு வலிக்கிறது என்பதே மறந்துபோய் மேசையைத் தட்டிச் சிரித்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

இப்போது நான் சொல்கிறபடி செய். வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கு. மற்ற நாலு விரலாலும் அதைப் பொத்திக்கொள். அப்படியே மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய். கட்டைவிரலின் அடியில் சுரீர் என்கிறதா? தேத்தண்ணி டம்ளரைத் தூக்கும்போதும் அதே இடமா? வலிக்கிற இடத்தில் இடது விரலை வைத்துக்கொண்டு கட்டைவிரலை ஆட்டிப் பார். உள்ளே புதுச் செருப்பு மாதிரி கிறீச்சென்கிறதா? விரல் மரத்துப்போகிறதா என்பதையும் எழுது. மரத்துப்போனால் அது வேறு சமாச்சாரம்.

இதையெல்லாம் கம்பியில் கேட்கமுடியாது. லைன் முழுக்கக் காது. ரயில் கார்டு அப்துல் ஹலீம் பாயிடம் கொடுத்தனுப்புகிறேன், பதிலையும் அவரிடமே கொடு. வீரம் பேசாமல் உள்ளதை எழுது.

உன் அண்ணன்,
ஐயாவு

சுங்கை கெலாடி
10-9-1925

அன்புள்ள அண்ணனுக்கு மாயாண்டியின் வணக்கம்.

உங்கள் காதைக் கழற்றித் தைப்பிங் மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவேண்டும். ஒன்றுமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரி நவமணி உங்கள் கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, "எங்க, மடக்குங்க பாப்போம்" என்றாள். மடக்கினேன். சாய்த்தேன். நான் போட்ட சத்தத்தில் பிளாட்பாரத்தில் மேய்ந்த கோழிகள் தண்டவாளத்தைத் தாண்டி ஓடின. நீங்கள் எழுதியது அத்தனையும் இருக்கிறது, கிறீச் சத்தம் உட்பட. விரல் மரக்கவில்லை.

ரப்பர் விலை ஏறியதிலிருந்து வந்த வினை இது. தோட்டத்து துரைமார் எல்லோருக்கும் சரக்கு ஏற்ற இன்றைக்கே ரயில் வாகன் வேண்டும், இப்போதே வேண்டும். போன வருஷம் நாளுக்கு நாற்பது தந்தி தட்டினேன். இப்போது நூற்றிருபது. இங்கே நான் ஒருவன்தான்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. தோட்டத்திலிருந்து நல்லம்மாள் அக்காவை வரவழைத்தேன். அவர் காலால் பிறந்தவர், தலைக்கு முன் கால் வெளிவந்தவர். சுளுக்குக்கு அவர் கால் பட்டால் போதும் என்று சிலிம் ரிவர் வரைக்கும் பேர். மணிக்கட்டில் ஏறி மிதிக்கவா முடியும்? அதனால் நல்லெண்ணெய் விட்டுக் கட்டைவிரலால் மூன்று நாள் உருவினார். "நரம்பு பெரண்டிருக்கு தம்பி, பல்லைக் கடிச்சிக்க. கத்துனா உன் பொண்டாட்டி சிரிப்பா லா" என்று சொல்லிச் சொல்லி உருவினார். நான்காம் நாள் மணிக்கட்டில் ஒரு எலுமிச்சங்காய் முளைத்தது.

சிரிக்கும்படி எழுதுகிறேனே தவிர, அண்ணே, பயமாயிருக்கிறது. என் அப்பாவுக்கு இதே இடத்தில் இதே வலி வந்தது. பால்மரம் சீவும் கத்தியை இருபது வருஷம் இழுத்த கை அது. சுளுக்கு என்று சாயங்காலம் உருவிக்கொண்டு, விடிந்ததும் மறுபடி முந்நூறு மரம் சீவுவார். கடைசியில் சட்டைப் பித்தான் போட என்னைக் கூப்பிடுவார். கங்காணி அவரை மரம் சீவுவதிலிருந்து எடுத்துவிட்டார்.

லீவு எடு என்று எழுதுவீர்கள். லீவு கேட்டால் டாக்டர் முன்னால் நிறுத்துவார்கள். கை போயிற்று என்று ஒரு வரி எழுதிவிட்டால் மேசை போயிற்று, ஸ்டேஷனோடு ஒட்டின இந்த வீடும் போயிற்று. தோட்டக் கூலி லயத்தில் பிறந்தவனுக்குத் தந்தி மேசையா என்று கேட்டவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் திரும்பிப் போய் நிற்கமாட்டேன். போனாலும் கத்தி பிடிக்க இந்தக் கை உதவாது.

என்ன செய்யட்டும்?

தங்கள் தம்பி,
மாயாண்டி

ஈப்போ
13-9-1925

தம்பி மாயாண்டிக்கு,

முதலில் நல்லம்மாள் அக்காவுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்டு அனுப்பிவிடு! இது சுளுக்கே இல்லையடா. பத்து காஜா ஆஸ்பத்திரியில் காயம் கட்டுகிற டிரஸர் எனக்குக் கோழிக்கால் ஒன்றை அறுத்துக் காட்டி விளக்கினார். கோழிக்காலில் வெள்ளையாக ஒரு நாண் இருக்குமே, இழுத்தால் விரல் மடங்குமே, அதே மாதிரி நம் கட்டைவிரலுக்கும் உண்டு. சதையை எலும்போடு கட்டுகிற நாண். மணிக்கட்டில் அது ஒரு உறைக்குள்ளே வழுக்கிக்கொண்டு ஓடவேண்டும். ஒரே அசைவை ஓயாமல் செய்தால் உறை தடித்துவிடும், நாண் உரசும், வீங்கும். வீங்கினதைப் போட்டு உருவினால் என்ன ஆகும்? எலுமிச்சங்காய்தான்.

கவனமாகப் படி. நவமணியையும் படிக்கச் சொல். மூங்கிலைப் பிளந்து வழவழப்பாய்ச் சீவி, துணி சுற்றி, மணிக்கட்டும் கட்டைவிரலும் நேராய் நிற்கும்படி தப்பை வைத்துக் கட்டவேண்டும். இறுக்கிவிடாதே, விரல் நுனி வெளுக்கக்கூடாது. முதல் நாலைந்து நாள் கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துணியை ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை போடு. வீக்கம் வற்றின பிறகு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். எண்ணெய் வேண்டாம், உருவல் வேண்டாம், "கொஞ்சம் நீவி விடறேன்" என்று யார் வந்தாலும் கையைப் பின்னால் ஒளித்துக்கொள். வலி அடங்கின பின் விரலை மெல்ல மடக்கி நீட்டிப் பழகலாம். அதற்கு முன் கூடாது.

இனிமேல் இது வராதிருக்க: உன் நாற்காலியை உயர்த்து. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மேசைமேல் கிடக்கவேண்டும். கட்டையின் வில்லைத் தளர்த்தி வை. கட்டையைப் பால்மரக் கத்தி மாதிரி இறுக்கிப் பிடிக்காதே, அது எங்கேயும் ஓடிப்போகாது. கால் மணிக்கு ஒரு தடவை கையை உதறிவிட்டு உட்கார்.

இவ்வளவும் செய்தாலும் தலையாய மருந்து ஒன்றுதான். ஓய்வு. ஆறு வாரம் வலது கை கட்டையைத் தொடக்கூடாது! எனக்கு இங்கே ஆறு பேர் இருந்தார்கள், என் பங்கை வாங்கிக்கொண்டார்கள். அங்கே நீ ஒற்றை ஆள். இதற்கு என்ன வழி என்று இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை. நீயும் யோசி.

ஐயாவு

சுங்கை கெலாடி
24-9-1925

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத்து கோழி கிளறினதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் நவமணி கட்டின தப்பை. அவள் கட்டின நேர்த்தியைப் பார்த்து அப்துல் ஹலீம் பாய், "என்னா தம்பி, கை கல்யாணத்துக்குப் போவுதா?" என்று கேட்டார்.

நீங்கள் சொன்னபடி வலது கை கட்டையைத் தொடுவதில்லை. கட்டையை மேசையின் இடது பக்கம் மாற்றியாகிவிட்டது. நாலு நாளாக லைனில் கேட்டிருப்பீர்கள். எப்படி இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுதுங்கள். நவமணி தெரிந்துகொள்ளத் துடிக்கிறாள்.

மாயாண்டி

ஈப்போ
6-10-1925

அடே மாயாண்டி!

எப்படி இருக்கிறது என்றா கேட்கிறாய்? படுபாவி, இத்தனை வருஷமாக அந்த இடது கையை எங்கே ஒளித்து வைத்திருந்தாய்!

முதல் நாள் கொஞ்சம் தயங்கித் தயங்கி வந்தது. சரி, புதுக் கை, பழகட்டும் என்று நானும் மெதுவாகப் பதில் தட்டினேன். மூன்றாம் நாள் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒரு பிசகில்லாமல் வருகிறது! நேற்று நான் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டினேன். கூடவே ஓடி வந்தாய். இன்னும் கூட்டினேன். என்னைத் தாண்டிப் போய்விட்டாய்! எழுதிக்கொள்ள என் பென்சில் போதவில்லை. உன் பழைய நடையைக் குறை சொல்லவில்லை, அது பாசமான நடை. இது வேறு ஜாதி. பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று கேட்கிறார்கள். உனக்குப் பேரும் வைத்தாயிற்று: சுங்கை கெலாடியின் இடது கை.

இப்போது பெரிய சமாசாரம். உட்கார்ந்துகொண்டு படி. இங்கே ஒருவர் பினாங்குக்கு மாற்றலாகிப் போகிறார், ஒரு மேசை காலியாகிறது. நேற்று லைன் இன்ஸ்பெக்டர் துரை வந்திருந்தார். உன் தந்தி வரும் நேரம் பார்த்து அவரைத் தந்தி ஒலிக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கேட்டார். புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு இன்னொரு தடவை கேட்டார். "யார் அது?" என்றார். என் தம்பி என்று சொன்னேன், பெருமை தாங்கவில்லை! உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். நவம்பர் 21, சனிக்கிழமை, ஈப்போவில் பரீட்சை. பத்து நிமிஷம் தட்டிக் காட்டவேண்டும், அவ்வளவுதான். தேறினால் இங்கே என் எதிர் மேசை உனக்கு. ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக உன் மூஞ்சியைப் பார்க்கப்போகிறேன்!

அவசரத்தில் முடிக்கிறேன். பாய் விசில் ஊதுகிறார்.

ஐயாவு

சுங்கை கெலாடி
12-10-1925

அன்புள்ள அண்ணனுக்கு,

என்ன காரியம் செய்தீர்கள்! என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?

எனக்கு ஈப்போ வேண்டாம். தயவுசெய்து என் பெயரைத் திரும்ப வாங்கிவிடுங்கள். காரணம் கேட்காதீர்கள். உங்கள் கடிதத்தை உரக்கப் படித்தபோது நவமணி அடுப்படியிலிருந்து ஓடி வந்து, புகழ்ந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பரீட்சை என்ற இடம் வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம்.

வலது கையைப் பற்றி நல்ல செய்தி உண்டு. எலுமிச்சங்காய் இப்போது சுண்டைக்காய். டம்ளரை வலி இல்லாமல் தூக்குகிறேன். தீபாவளிக்கு முறுக்கு பிழியக் கை நீட்டினேன். நவமணி முறுக்குக் குழலைப் பிடுங்கிக்கொண்டு, "அண்ணனுக்கு எழுதிப்போட்டுடுவேன்" என்று மிரட்டினாள். உங்களுக்குத்தான் இந்த வீட்டில் அவ்வளவு அதிகாரம். அந்த அதிகாரத்தை வைத்து என் பெயரை எடுத்துவிடுங்கள், அண்ணே.

மாயாண்டி

ஈப்போ
18-10-1925

தம்பிக்கு,

பெயர் மேலே போயாயிற்று, இனி இழுக்கமுடியாது. இப்போது பின்வாங்கினால்தான் ஏன் என்று நோண்டுவார்கள். உனக்குக் கூச்சம், வேறொன்றுமில்லை. கல்யாணத்தன்று நானும் இப்படித்தான் பின்வாசல் வழியாக ஓடப் பார்த்தேன்.

நவம்பர் பிறந்ததும் தப்பையை எடுத்துவிட்டு வலது கைக்கும் வேலை கொடு. முதலில் நாளுக்கு ஐந்து நிமிஷம். வலி இல்லாவிட்டால் மறு வாரம் பத்து. சுரீர் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடு. பரீட்சைக்கு உன் இடது கை இருக்கும்போது என்ன கவலை! முத்தம்மா இப்போதே உனக்கு என்ன சமைப்பது என்று பட்டியல் போடுகிறாள்.

ஐயாவு

ஈப்போ
22-11-1925

மாயாண்டிக்கு,

நேற்று மூன்று மணி ரயிலில் நீ ஏறும்போது நான் ஏன் பேசவில்லை என்று யோசித்திருப்பாய். யோசிக்கவேண்டாம், சொல்கிறேன்.

நீ இன்ஸ்பெக்டர் அறைக்குள் போய்ப் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாய். நான் இந்தப் பக்கம் என் மேசையில். நீ தட்ட ஆரம்பித்தாய். புள்ளி சுருக்கென்று, கோடு ஒரு இழை கூட. என் பழைய மாயாண்டி! வலது கை! இரண்டு மாசத்துக்குப் பிறகு அந்த நடையைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏன் இடது கையால் தட்டவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் பெட்டி கூப்பிட்டது. சுங்கை கெலாடி. மூன்று வாகன் வேண்டும் என்று தந்தி. அதே இடது கை. எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, ஒரு பிசகில்லாமல்.

நீ தடுப்புக்கு அந்தப் பக்கம் தட்டிக்கொண்டிருக்கிறாய். நீ சுங்கை கெலாடியிலிருந்தும் தட்டுகிறாய். நான் நடுவில் பென்சிலை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறேன்.

"யார் அங்கே?" என்று கேட்டேன். பிறகு "ஸ்டேஷன் மாஸ்டர்" என்று பதில் வந்தது. உங்கள் மாஸ்டர் தட்டுவது எனக்குத் தெரியாதா? சேற்றிலிருந்து எருமை எழுந்து வருகிற மாதிரி தட்டுவார்!

நீ மேசையின் இடது பக்கம் என்று எழுதினாய். அங்கே உட்கார்ந்திருப்பது யார் என்று எழுதவில்லை. ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேனே, இன்ஸ்பெக்டரைப் பிடித்துவந்து நிறுத்தினேனே, என் தம்பி என்று மார் தட்டினேனே, அப்போதெல்லாம் நீ அங்கே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாயா?

அதைக்கூட விடு. போன மாசக் கடைசியில், முழுகாமல் இருந்த முத்தம்மாவைப் பத்து காஜா ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, தாங்கமுடியாமல் கம்பியில் உன்னிடம் சொன்னேன். "வேலையை விட்டுவிட்டுப் போய் அவள் பக்கத்தில் உட்காருங்கள், வாகன்கள் நாளைக்கும் நிற்கும்" என்று பதில் வந்தது. எழுந்து போனேன். நான் போய் அரைமணி நேரத்தில் எங்கள் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. பக்கத்தில் இருந்தேன். நீதான் அனுப்பினாய் என்று இன்றைக்கு வரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதைச் சொன்னது யார்?

இன்ஸ்பெக்டர் குழம்பிப்போயிருக்கிறார். லைனில் கேட்ட வேகம் பரீட்சையில் இல்லை, கையும் வேறு என்கிறார். எனக்குத் தெரிந்ததை டிசம்பர் 5-க்குள் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். தந்தி அறைக்குள் வெளியாளை உட்காரவைத்தால் என்ன தண்டனை என்று நமக்கு இருவருக்கும் தெரியும். நான் என்ன எழுதப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஐயாவு

சுங்கை கெலாடி
27-11-1925

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை வலது கையால் எழுதுகிறேன். வலி இல்லை.

நீங்கள் கேட்டது இடது கைதான். என்னுடையது இல்லை. நவமணியுடையது. அவள் இடதுகைக்காரி.

கமுந்திங்கில் பிறந்து, தைப்பிங் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்தவள். எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தந்திப் பெட்டி. ஆறு வருஷம் சமைத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். நான் எழுதி முடிக்குமுன் அடுப்படியிலிருந்து, "அந்தத் துரைக்கு அஞ்சு வாகன் வேணுமாம் லா" என்பாள். இதை ஒரு வேடிக்கையாகத்தான் நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 21-ஆம் தேதி காலை, என்னால் கட்டையை அழுத்தவே முடியவில்லை. ஐந்து தந்தி தேங்கி நின்றது. தோட்டத்து ஆள் கவுண்டரில் நின்று கத்துகிறான். அவள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். மாவு பிசைந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "நகருங்க. அந்தக் கட்டையை இந்தப் பக்கம் வைங்க" என்றாள். மாஸ்டர் வாசலில் நின்று பார்த்தார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த அறைக்குள் வருமுன் இருமிவிட்டுத்தான் வருகிறார்.

நீங்கள் ஆறு வாரம் ஓய்வு என்றீர்கள். அதை எனக்குக் கொடுத்தவள் அவள்தான். இல்லாவிட்டால் என் கை அப்பாவின் கை ஆகியிருக்கும்.

நான் சிரிக்கவில்லை, அண்ணே. உங்கள் கடிதம் ஒவ்வொன்றும் என் பெயருக்கு வந்தது, புகழ்ச்சி அவளுக்கு வந்தது. எனக்குப் பொறாமையாயிருந்தது. ஒரு நாள் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனேன். மறுநாள் அவள் கொஞ்சம் மெதுவாகத் தட்டினாள், எனக்காக. அது எனக்கு இன்னும் வலித்தது. அப்படிச் செய்யாதே என்று சொல்லிவிட்டேன்.

அண்ணியைப் பற்றி நீங்கள் சொன்ன அன்று, அந்தப் பதிலைத் தட்டியது அவள். என்னிடம் கேட்கவில்லை. தட்டி முடித்து, முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு அடுத்த தந்தியை எடுத்தாள்.

இன்ஸ்பெக்டருக்கு உள்ளதை எழுதிவிடுங்கள். நீங்கள் எனக்காகப் பொய் எழுதவேண்டாம். தண்டனை எனக்கு வரட்டும். அவள் பெயரை மட்டும் எழுதாதீர்கள். உங்களைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க அவள் இரண்டு தடவை கட்டைக்குப் பக்கத்தில் போனாள். என்னவென்று தட்டுவது என்று தெரியாமல் திரும்பிவிட்டாள்.

தங்கள் தம்பியாக இன்னும் என்னை நினைத்தால்,
மாயாண்டி

ஈப்போ
6-12-1925

தம்பி மாயாண்டிக்கும், இந்த முறை தங்கச்சி நவமணிக்கும்,

கோபம் போய்விட்டது! உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே போய்விட்டது. கோபக்காரன் என்ற பேரைக் காப்பாற்ற ஒரு வாரம் முறைத்துக்கொண்டு இருந்தேன். முத்தம்மா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "அந்தப் புள்ளையப் போயா திட்டுனீங்க? நாளைக்கே எழுதுங்க" என்று இரண்டு நாளாகச் சோறு போடும்போதெல்லாம் கரண்டியை நங்கென்று வைக்கிறாள்.

இன்ஸ்பெக்டருக்கு இரண்டாம் தேதியே எழுதிக் கொடுத்துவிட்டேன்: மாயாண்டியின் மணிக்கட்டு நாண் ஓயாத வேலையால் வீங்கியது, இப்போது குணமாகிவிட்டது. கை முழுப் பலம் பெறுமுன் அவனைப் பரீட்சைக்கு இழுத்துவந்தது என் அவசரம். ஒற்றை ஆள் நாளுக்கு நூற்றிருபது தந்தி தட்டினால் யாருக்கும் கை போகும், சுங்கை கெலாடிக்கு இரண்டாவது ஆள் வேண்டும். இதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. படித்துவிட்டுக் குழாயை எடுத்தார். "அப்படியானால் நான் லைனில் கேட்ட இடது கை?" என்றார். "நல்ல நடை, சார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது" என்றேன். இது மட்டும் பொய். என் வேலையில் சொன்ன முதல் பொய், தூக்கம் கெடவில்லை.

ஈப்போ மேசை வேறொருவருக்குப் போய்விட்டது. ஆனால் மாயாண்டி, உன் மேசை உனக்கே! வீடும் உனக்கே! நான் கேட்ட இரண்டாவது ஆளையும் கொடுத்துவிட்டார்கள். 14-ஆம் தேதி திங்கட்கிழமை இன்ஸ்பெக்டரே அவனைக் கூட்டிக்கொண்டு அங்கே வருகிறார். உனக்குப் பாதி வேலைதான் இனிமேல். துள்ளிக் குதித்துக்கொண்டு இந்தச் செய்தியை எழுத உட்கார்ந்தவன், இந்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

தங்கச்சி, திங்கட்கிழமையிலிருந்து உங்களுக்கு அந்த அறையில் இடமில்லை. உங்கள் புருஷனுக்கு நல்லது செய்கிறேன் என்று நானே உங்கள் கையிலிருந்து கட்டையைப் பிடுங்கிவிட்டேன். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். உங்களைப்போல் தட்டினவரை நான் கேட்டதில்லை. ஆண்பிள்ளையாக இருந்திருந்தால் உங்களை இங்கே கொண்டுவர மூன்று ஸ்டேஷன்கள் சண்டை போட்டிருக்கும். அதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. யாரிடம் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

பன்னிரண்டு வாரத்தில் எத்தனை ஆயிரம் வார்த்தை எனக்கு அனுப்பியிருப்பீர்கள். அத்தனையும் துரைமார் வார்த்தை, கீழே மாயாண்டி கையெழுத்து. ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருகிற சனிக்கிழமை மாலை, கோலாலம்பூர் மெயில் உங்கள் ஸ்டேஷனைத் தாண்டினபின் கால் மணி நேரம் லைன் சும்மா கிடக்கும். அப்போது என்னைக் கூப்பிடுங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம், செய்தியும் வேண்டாம். உங்கள் பெயரைத் தட்டுங்கள், உங்கள் வேகத்தில்.

லைன் முழுக்கக் கேட்குமே என்று பயப்படாதீர்கள். கேட்கட்டும். அது யார் என்று எவராவது கேட்டால், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஐயாவு